ஐந்து பேர், ஒரு மேசை: பாத்திர விளையாட்டுக் குழுவைக் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பாத்திர விளையாட்டில் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஒரு சாகசக் கதையை நகர்த்துவோம்; கதையையும் எதிரிகளையும் நடத்துபவர் டிஎம். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு நண்பர் வீட்டில் நான் முதன்முதலாக டிஎம் ஆக உட்கார்ந்த சனிக்கிழமை, வந்த ஐந்து பேரும் அவரவர் வீட்டிலேயே பாத்திரத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பேர் ரோக், அதாவது பதுங்கிப் போகும் திருடர். ஒருவர் பார்பேரியன், வெறியோடு மோதும் போர்வீரர். இன்னொருவர் யாரோடும் சேராத ரேஞ்சர், காட்டு வேட்டைக்காரர். இரண்டாவது வாரம் ஒரு பாலத்தடியில் நடந்த சண்டையில் பார்பேரியன் விழுந்தார். அவரைத் தூக்கிவிட யாரிடமும் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் ஒளிந்துகொண்டே அம்பு விட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, அதற்கடுத்த வாரம் ஆட்டமே இல்லை. தவறு அவர்களுடையது இல்லை. குழுவைச் சேர்ந்து உட்கார்ந்துதான் கட்ட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடத்திய மேசைகளில் ஒரு வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஆட்கள், பிறகு வேலைகள், கடைசியில் கிளாஸ், அதாவது பாத்திரத்தின் வகை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசைப்படியே போகும். உதாரணங்களை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுக்கிறேன். 2014இல் வந்து 2024இல் திருத்தி எழுதப்பட்ட விதிகள் அவை. 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. ஆகவே புத்தகம் வாங்காமலேயே தொடங்கிவிடலாம்.

முதல் படி: பகடை இல்லாத ஒரு மாலை

முதல் சந்திப்பை மாமாக் கடையில் வையுங்கள். புத்தகம், பகடை எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தே தாரேக் குடித்து முடிக்கும் நேரத்தில் பாதி விஷயங்கள் தெளிவாகிவிடும்.

நேரத்திலிருந்து தொடங்குங்கள். வாரா வாரமா, மாதம் இருமுறையா? கடைசி எல்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் யார்? ஷிப்ட் வேலை யாருக்கு? மாதத்தில் பாதி நாள் வரமுடியாதவரைக் குழுவின் ஒரே வைத்தியராக வைத்தால், அவர் வராத நாளெல்லாம் மற்றவர்களுக்கு ஆபத்து. கிளாஸ் பற்றிய முடிவு பல சமயம் இந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது மொழி. தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தேசியப் பள்ளியில் படித்தவர் எல்லாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். வர்ணனையும் வசனமும் தமிழில், விதிச்சொற்கள் இருக்கிறபடியே, தடுமாறினால் மலாயோ ஆங்கிலமோ கலந்துகொள்ளலாம் என்பது எங்கள் ஏற்பாடு. தமிழில் பேச வெட்கப்பட்ட ஒரு தம்பி, நான்காவது வாரம் தன் குள்ள வீரனுக்குத் தோட்டத்துத் தாத்தாவின் பேச்சையே கொடுத்துவிட்டான். அன்று முதல் அந்தப் பாத்திரம் வாயைத் திறந்தால் மேசையே நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாவது விஷயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சாமி. இந்த விளையாட்டில் கிளெரிக் என்பவர் ஒரு தெய்வத்திடமிருந்து சக்தி பெறுபவர். முருகனையோ முனீஸ்வரரையோ ஆட்டத்துக்குள் கொண்டுவருவது ஒருவருக்குப் பெருமையாக இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு மனம் ஒப்பாது. இந்திய முஸ்லிம் நண்பரோ கிறிஸ்துவ நண்பரோ இன்னொரு தெய்வத்தின் பூசாரியாக நடிக்கத் தயங்கலாம். அந்தத் தயக்கத்தை மதியுங்கள். ட்ரூயிட் இயற்கையிலிருந்து சக்தி எடுக்கிறார், பார்ட் பாட்டிலிருந்து எடுக்கிறார். இருவருக்கும் குணமாக்கும் மந்திரங்கள் உண்டு. எந்தச் சாமியையும் தொடாமலேயே குழுவுக்கு வைத்தியர் கிடைத்துவிடுவார்.

கடைசியாக, கதையில் எது வரவே கூடாது என்று கேளுங்கள். எங்கள் மேசையில் ஒருவர், குடித்துவிட்டு வீட்டில் அடிக்கும் அப்பா எந்த வடிவத்திலும் வர வேண்டாம் என்றார். யாரும் காரணம் கேட்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். வாயால் சொல்லக் கூச்சப்படுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வழி வைத்திருங்கள்.

இரண்டாம் படி: யார் எதற்காக வருகிறார்கள்

ஒரே சாகசத்துக்கு வரும் ஐந்து பேர் ஐந்து காரணங்களுக்காக வருவார்கள். இதை வகைப்படுத்திப் பார்க்கும் முயற்சி 1980களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, 2002இல் ராபின் லாஸ் என்ற கனடிய வடிவமைப்பாளர் சும்மா கூட்டத்தோடு இருக்க வருபவரையும் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆள் எல்லா மேசையிலும் இருக்கிறார். பெரும்பாலும் மேசையை அமைதியாக வைத்திருப்பவரும் அவர்தான்.

நான் ஆட்களை இப்படிப் பார்க்கிறேன். வாரம் முழுதும் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை எதையாவது அடித்து நொறுக்க வருபவர் ஒருவர். கேரம் போர்டில் காய் எப்படிப் போய் எங்கே மோதும் என்று கணக்குப் போடுவதுபோல் சண்டையைக் கணக்குப் போடுபவர் இன்னொருவர். மேடை நாடகம் போட்ட பழக்கத்தில் குரல் மாற்றி, அழுது, சிரித்து நடிப்பவர் உண்டு. கதவைக் கண்டால் திறந்தே தீருவேன், பானையைக் கண்டால் உள்ளே பார்ப்பேன் என்பவர் உண்டு. பிறகு நாம் பேசிய அந்தக் கூட்டத்துக்காக வருபவர்.

இவர்களிடம் எந்த கிளாஸ் வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால் தவறான பதில் கிடைக்கும். ஒரு தங்கையோடு நடந்த பேச்சு நன்றாக நினைவிருக்கிறது.

“அண்ணே, எனக்கு விசார்ட்தான் வேணும்.”

“எதுக்கும்மா?”

“கண்ணுல படுறவனை எல்லாம் எரிக்கணும்.”

விசார்ட் என்றால் மந்திர ஏட்டைப் புரட்டி, இன்றைக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துத் தயார் செய்ய வேண்டும். அது கணக்குப் போடுபவருக்கான ஆட்டம். எரிக்க மட்டும் ஆசைப்படுகிறவருக்கு சோர்சரர் பொருந்தும். தெரிந்த மந்திரம் குறைவு, தினமும் ஏட்டைப் புரட்டும் வேலை இல்லை. ஃபயர் போல்ட் என்ற சிறுமந்திரத்தை 120 அடி தூரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம், செலவே கிடையாது. அந்தத் தங்கை இன்றுவரை சோர்சரர்தான்.

கூட்டத்துக்காக வருபவருக்கு எளிய ஃபைட்டரை, அதாவது போர்வீரரைக் கொடுங்கள். 2014 விதிகளில் சாம்பியன் என்ற கிளைக்கு நினைவில் வைக்க வேண்டியது மிகக் குறைவு. மூன்றாம் லெவலிலிருந்து (லெவல் என்பது பாத்திரத்தின் வளர்ச்சிப் படி), தாக்கும் பகடையில் 20 விழுந்தாலும் 19 விழுந்தாலும் சேதத்துக்கு இரட்டிப்புப் பகடை. பேசிச் சிரித்துக்கொண்டே ஆடலாம். நடிப்பவருக்கு எந்த கிளாஸும் சரிவரும். ஆனால் பேச்சுத்திறன் உள்ள பாத்திரம் கொடுத்தால் நடிப்புக்குப் பகடையும் துணை நிற்கும். கதவு திறப்பவரை ரோக் ஆக்கினால் அவருடைய அவசரமே குழுவுக்கு உதவியாகிவிடும், ஏனென்றால் பொறியைக் கண்டுபிடிப்பவரும் அவர்தான்.

பெரிய மோதல் வருவது கணக்குப் போடுபவருக்கும் அடித்து நொறுக்குபவருக்கும் இடையில். முக்கால் மணி நேரம் திட்டம் போட்டால் ஒருவர் கொட்டாவி விடுவார். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனால் மற்றவருக்குக் கோபம் வரும். நான் கைபேசியில் 10 நிமிடம் வைத்துவிடுவேன். அதுவரை கணக்குப் போடுபவரின் ராஜ்ஜியம், யாரும் கதவைத் தொடக் கூடாது. மணி அடித்ததும் “இப்போ” என்று சொல்லும் உரிமை அடித்து நொறுக்குபவருடையது. முன்பு இதனாலேயே முகம் திருப்பிக்கொண்ட இருவர், இப்போது ஒருவர் திட்டத்தை மற்றவர் தொடங்கி வைப்பதில் கூட்டாளிகள்.

மூன்றாம் படி: வேலைகளைப் பிரித்தல்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே வகைப் பாத்திரங்கள்: போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக். அடுத்த ஆண்டு திருடர் சேர்ந்தார். “ஒரு வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு வைத்தியர், ஒரு திருடன்” என்று இன்றும் எல்லாரும் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு வேலைகளுக்கே நான்கு பெயர் வைத்து, கிளாஸ்களை அதற்குள் அடைத்தது: தாங்குபவர், தாக்குபவர், வழிநடத்துபவர், கட்டுப்படுத்துபவர். ஐந்தாம் பதிப்பின் 12 கிளாஸ்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வேலைகளைச் செய்யும். அதனால் நால்வர் கணக்கைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை.

வேலைகள் என்றால் என்ன என்று புதியவர்களுக்குப் புரியவைக்க நான் பத்துமலைப் படிக்கட்டைத்தான் சொல்வேன். தைப்பூசத்தன்று 272 படி ஏறும் காவடியை நினைத்துப் பாருங்கள். எல்லார் கண்ணும் காவடி எடுப்பவர்மேல் இருக்கும். அவருக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் போவார். தண்ணீரோடு ஒருவர். அவர் களைத்தால் உட்கார முக்காலி தூக்கிக்கொண்டு ஒருவர். பின்னால் கயிற்றைப் பிடித்திருப்பவர், காவடி எடுப்பவர் எப்போது இழுக்கிறார், எப்போது தளர்கிறார் என்று பார்த்துக்கொண்டே வருவார். உறுமி மேளம் அடிப்பவர்கள் இல்லாவிட்டால் பாதி வழியில் கால் ஓய்ந்துவிடும். இவர்களில் ஒருவர் குறைந்தாலும் மற்றவர்கள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் யாருமே தண்ணீர் கொண்டுவரவில்லை என்றால் தெரிந்துவிடும்.

குழுவையும் அப்படியே கேள்விகளாகப் பாருங்கள். அடி வாங்கிக்கொண்டு முன்னால் நிற்பவர் யார்? ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் கலைப்பவர் யார்? பூட்டுக்கும் பொறிக்கும் யார்? ஊர்த்தலைவரிடம் பேசுபவர் யார்? சுவரில் எழுதியிருக்கும் பழைய எழுத்தைப் படிப்பவர் யார்? காட்டில் வழி தெரிந்தவர் யார்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். இரண்டு பெயர் இருந்தால் நல்லது.

எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பூட்டு திறக்க ரோக் கட்டாயமில்லை. பூட்டுக் கருவிகளில் பயிற்சி தரும் பின்னணியை எடுத்த எந்த கிளாஸும் திறக்கும். காட்டுவழி தெரிந்தவர் இல்லையென்றால் ஊரில் ஒரு வழிகாட்டியைக் கூலிக்கு வைக்கலாம், அதுவே ஒரு கதை. மந்திரவாதியே இல்லாத குழுவும் நன்றாக ஓடும். காலியாக விடக்கூடாத இடம் என்று நான் கருதுவது ஒன்றுதான். அது அடுத்த படி.

விதிகள் வேறானால் கேள்விகளும் மாறும். 1981இல் வந்த கால் ஆஃப் கத்துலு என்ற திகில் விளையாட்டில் கிளாஸே கிடையாது, தொழிலும் திறமைகளின் சதவீதமும்தான். அங்கே நூலகத்தில் தேடத் தெரிந்தவர் துப்பாக்கிக்காரரைவிடப் பெரிய ஆள். 2010இன் அபோகலிப்ஸ் வேர்ல்டில் ஒரு பாத்திர ஏட்டை ஒருவர்தான் எடுக்க முடியும், அதனால் ஒரே மாதிரி இருவர் வரும் சிக்கலே இல்லை.

நான்காம் படி: விழுந்தவரை எழுப்ப ஒருவர்

குணமாக்குவது பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: யாருக்காவது உயிர்ப்புள்ளி குறையக் குறைய வைத்தியர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. கணக்கைப் பாருங்கள். 2014 விதிகளில் முதல் நிலை கியூர் வூண்ட்ஸ் மந்திரம் ஒரு எட்டுமுகப் பகடையும் ஒரு சிறு கூட்டலும் தரும். கூட்டல் 3 என்றால் சராசரி 7 புள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஓகர் என்ற அரக்கனின் தடி ஒருமுறை பட்டால் சராசரி 13 போகும். வைத்தியர் தன் முழு முறையையும் (சண்டையில் அவருக்கு வரும் வாய்ப்பை) செலவழித்துப் பாதி அடியைத்தான் ஈடுகட்டுகிறார். அந்த முறையில் ஓகரையே தாக்கியிருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும். 2024இல் பகடை இரண்டாக்கப்பட்டது. அப்போதும் ஒரு அடியை முழுதாக ஈடுகட்டாது.

ஆனால் விழுந்துவிட்டவர் கதை வேறு. புள்ளி 0 ஆனவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். கீழே கிடப்பவரை எதிரி பக்கத்தில் நின்று அடித்தால் ஒரே அடிக்கு இரண்டு தோல்வி. இப்போது ஒரே ஒரு புள்ளி கொடுத்தாலும் அவர் கண் விழித்து, தன் முறையில் எழுந்து நின்று, முழு பலத்தோடு அடிப்பார். ஒரு புள்ளி உள்ளவரின் வாளும் ஐம்பது புள்ளி உள்ளவரின் வாளும் ஒரே அளவுதான் வெட்டும்.

இதனால்தான் ஹீலிங் வேர்ட் சிறிய மந்திரமாகத் தெரிந்தாலும் உயிர்காக்கும். 60 அடி தூரத்திலிருந்து சொல்லலாம், தொட வேண்டியதில்லை, ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் முடிந்துவிடும். அதே முறையில் வைத்தியர் தாக்கவும் செய்யலாம். கிளெரிக், ட்ரூயிட், பார்ட் மூவருக்கும் இது கிடைக்கும். புனித வீரரான பாலடின் கைவைத்துக் குணமாக்கலாம். தன் லெவலைப் போல் ஐந்து மடங்கு புள்ளியை நாள் முழுதும் பங்கிட்டுக்கொள்வார். இவர்களில் ஒருவராவது வேண்டும், இருவர் இருந்தால் வைத்தியரே விழும்போது குழு தப்பிக்கும்.

யாருக்குமே அந்த வேலை பிடிக்கவில்லையா? கட்டாயப்படுத்தாதீர்கள். குணமாக்குவதற்கென்றே வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த ஆள் இரண்டு மாதத்தில் வராமல் போய்விடுவார், பார்த்திருக்கிறேன். ஐந்து தங்கக்காசு ஹீலர்ஸ் கிட் என்ற மருத்துவப் பையைப் பத்துமுறை பயன்படுத்தலாம். புள்ளி ஏறாது, ஆனால் சாவு நிற்கும். 50 தங்கக்காசு மருந்துப்புட்டி சராசரி 7 புள்ளி தரும், விழுந்தவர் வாயிலும் ஊற்றலாம். டிஎம் முதல் சாகசத்திலேயே ஆளுக்கு ஒரு புட்டி கொடுத்துவிட வேண்டும். 2024 விதிகளில் புட்டி குடிப்பது போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டதால் இந்த வழி முன்பைவிட எளிது.

ஐந்தாம் படி: ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா

தனித்தனியாகச் சிறந்த பாத்திரங்கள் சேரும்போது உரசிக்கொள்வது உண்டு. அதிகம் கவனிக்கப்படாதது ஓய்வு. மாயசக்தியோடு ஒப்பந்தம் செய்த மந்திரவாதியான வார்லாக்குக்கு ஒரு மணி நேரக் குறு ஓய்வில் மந்திரங்கள் திரும்பிவிடும். ஃபைட்டருக்கும் வெறுங்கையால் சண்டையிடும் மங்க்குக்கும் அப்படியே முக்கியத் திறமைகள் திரும்பும். விசார்ட்டும் கிளெரிக்கும் பெரும்பாலும் எட்டு மணி நேர நெடிய ஓய்வை நம்பியிருப்பவர்கள். ஒரு சண்டை முடிந்ததும் விசார்ட் “தூங்கலாம்” என்பார், வார்லாக் “ஒரு மணி நேரம் போதும்” என்பார். எங்கள் மேசையில் குறு ஓய்வுக்குப் பசியாறல் என்று பெயர். ஒரு நாள் சாகசத்தில் இரண்டு பசியாறலுக்கு இடம் வைத்து எழுதுவேன், அப்போது இரு தரப்பும் சமமாக இருப்பார்கள்.

ரோக்கின் மறைதாக்குதலுக்கு, எதிரியின் ஐந்தடிக்குள் கூட்டாளி ஒருவர் நிற்பதே பெரும்பாலும் போதும். ஆகவே எல்லாரும் வில்லாளிகளாக இருந்தால் ரோக் பட்டினி. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 20 அடி ஆரத்தில் எல்லாரையும் எரிக்கும், முன்னால் நிற்கும் பார்பேரியனையும் சேர்த்து. ஃபயர்பால் விடுபவரும் முன்னால் நிற்பவரும் ஒரே குழுவில் இருந்தால், யார் முதலில், யார் பிறகு என்று முதல் சண்டைக்கு முன்பே பேசிக்கொள்ளட்டும்.

முழு இரும்புக் கவசம் போட்டவர் பதுங்கும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். பதுங்கிப் போவதையே விரும்பும் குழுவில் அவர் ஒவ்வொரு இரவும் குற்றவாளியாக உணர்வார். குழுவாக உருட்டிப் பாதிப்பேர் ஜெயித்தால் போதும் என்ற விதியைப் பயன்படுத்துங்கள், அந்தச் சங்கடம் போய்விடும். இருட்டில் பார்க்கும் கண் எல்ஃப், குள்ளர் போன்ற கற்பனை இனங்களுக்கு உண்டு, மனிதருக்கு இல்லை. ஒரே ஒரு மனிதர் இருந்தாலும் குழு தீப்பந்தம் ஏந்தித்தான் போகும்.

கான்சன்ட்ரேஷன் (மனத்தை ஒருமுகப்படுத்தி நீடிக்க வைப்பது) என்று குறிக்கப்பட்ட மந்திரங்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நடத்த முடியும், அடி பட்டால் அது அறுந்துபோகவும் கூடும். தேர்ந்தெடுத்த மந்திரமெல்லாம் இதே வகையாக இருந்தால் பாதி வீண்.

ஆறாம் படி: எத்தனை பேர்

நான்கு அல்லது ஐந்து பேர் வசதி. மூன்று பேர் என்றால் செப்பாக் தக்ராவை நினையுங்கள். ஒரு அணிக்கு மூவர், பந்தைப் போடுபவர், தூக்கிக் கொடுப்பவர், அடிப்பவர். ஆனால் வலைக்குப் பக்கத்தில் பந்து வந்தால் யார் கால் எட்டுகிறதோ அவர் உதைக்க வேண்டும். மூவர் குழுவும் அப்படித்தான், பாலடின், பார்ட், ட்ரூயிட் போல் ஆளுக்கு இரண்டு வேலை தெரிந்தவர்கள் தேவை. டிஎம் எதிரிகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மூன்று முறைக்கு எதிராக கோப்ளின் என்ற எட்டுக் குட்டிப் பூதங்களின் எட்டு முறை வந்தால், அவை எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் ஆபத்து.

ஆறு பேருக்கு மேல் போனால் காத்திருப்பே தண்டனையாகிவிடும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஓடும். இரண்டு மேசையாகப் பிரியுங்கள்.

ஏழாம் படி: சேர்ந்திருக்க ஒரு காரணம்

என் முதல் குழுவில் வைத்தியர் இருந்திருந்தாலும் அது உடைந்திருக்கும். அந்த ஐந்து பாத்திரங்களுக்கும் ஒருவரையொருவர் காப்பாற்ற எந்தக் காரணமும் இல்லை. இப்போது கிளாஸை எழுதுவதற்கு முன்பே ஒரு பொதுவான பழைய கதையைக் கேட்கிறேன். மூடப்பட்ட ஒரு தோட்டத்தின் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் என்று ஒரு குழு முடிவு செய்தது. தோட்டம் போன பிறகு ஆளுக்கொரு திசை போய், மூதாட்டி ஒருத்தியின் இறுதிச் சடங்குக்காகத் திரும்பி வருகிறார்கள். முதல் காட்சியிலேயே ஒருவர் இன்னொருவரை “அக்கா” என்று கூப்பிட்டார். அதன் பிறகு யார் விழுந்தாலும் ஓட ஆள் இருந்தது.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கடனும் ஒரு நன்றியும் எழுதிக்கொள்ளட்டும், ஒரு வரி போதும். கூட்டாளியிடமே திருடுவது, கூட்டாளியைத் தாக்குவது இரண்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டால் ஒழியக் கிடையாது. “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்” என்று யாராவது சொன்னால், அந்தப் பாத்திரத்தை எழுதியவர் நீங்கள்தானே, வேறு மாதிரி எழுதலாம் என்று அன்பாகச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: சோதனைச் சாகசம்

முதல் சாகசம் சிறியதாக இருக்கட்டும், மூன்று சனிக்கிழமைக்குள் முடியும்படி. அதில் ஒரு சண்டை, வாளால் தீர்க்க முடியாத ஒரு பேச்சு, திறக்க வேண்டிய ஒரு பூட்டு, இரண்டு பக்கமும் வலிக்கும் ஒரு முடிவு இருக்கட்டும். டிஎம் திரைக்குப் பின்னால் ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதி, ஒருவர் செய்ததைக் கண்டு மேசையே திரும்பிப் பார்த்தால் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். இரவு முடியும்போது புள்ளி விழாத பெயர் எது என்று பாருங்கள். அடுத்த வாரத்தின் முதல் காட்சி அவருடையது.

மூன்றாவது சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மாமாக் கடைக்குப் போனதும், யாருக்காவது பாத்திரத்தை மாற்ற வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். ஆட்டக்காரர்கள் தாங்களாகக் கேட்கத் தயங்குவார்கள். லெவல் குறையாது, பொருள் போகாது, பழைய பாத்திரம் ஊரிலேயே தங்கி வாழும் என்று சொல்லுங்கள். மாற்றுபவர் இருந்தால் மூன்றாம் படியின் கேள்வித்தாளை மறுபடி எடுத்து, அவர் விட்டுப்போகும் வேலையை யார் ஏற்பது என்று பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். புதியவர் குழுவுக்குள் வரும் காட்சியைப் பழைய பாத்திரமே அழைத்துவந்து அறிமுகம் செய்வதாக வையுங்கள். “இவன் என் சின்னம்மா பையன், நம்பலாம்” என்ற ஒரே வசனத்தில் எங்கள் மேசையில் ஒரு பாலடின் வந்து சேர்ந்தார்.